நீலத்துக்கு முன்னால் நின்றவர்கள்

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சுவிட்சர்லாந்தில் நடக்கவிட்டுப் பிழைத்தவன் நான். அதனாலோ என்னவோ, 1940-இல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ எனக்குக் குலதெய்வப் படம். அதில் பூதத்தோடு பறக்கும் சாபு, மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன்.

பறக்கவிட்டவர் லாரி பட்லர். அன்றைய டெக்னிகலர் காமிரா ஒரே காட்சியை மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களாகப் பிரித்துப் பதியும். மனிதத் தோலில் நீலம் குறைவு. ஆகவே பின்னால் நீலத் திரையை நிறுத்தினால், நீலப் பதிவிலிருந்து ஆளின் வடிவத்தை வெட்டி எடுத்து வேறு பின்னணியில் ஒட்டிவிடலாம். ஆஸ்கர் கொடுத்தார்கள். ஆனால் ஓரங்களில் நீலக்கோடு தெரியும். தலைமுடி, புகை, கண்ணாடி எல்லாம் தகராறு.

தீர்த்தவர் பெட்ரோ விலாஹோஸ். 1959-இல் வந்த ‘பென்-ஹர்’ படத்துக்காக அவர் கண்டது எளிய உண்மைதான்: பெரும்பாலான நிறங்களில் நீலமும் பச்சையும் ஏறக்குறைய சமம். நீலம் மிஞ்சும் அளவை மட்டும் கழித்தால் போதும். இன்றைய மென்பொருள்களின் அடியிலும் அந்தக் கணக்கு ஓடுகிறது. என் பார்வையில் பட்லரைவிட இவரே பெரிய ஆள்.

வீடியோ வந்ததும் வேறு தலைவலி. டிஜிட்டல் வீடியோ (DV) டேப் வெளிச்சத்தைத் துல்லியமாகவும் நிறத்தைக் கால்பங்காகவும்தான் பதியும். வெட்டினால் ஓரம் படிக்கட்டாகும். திரைக்குத் தனி விளக்கு, ஆளை ஆறடி தள்ளி நிறுத்துவது என்று சமாளித்தோம்.

டிஜிட்டல் சென்சாரில் பாதி உணரிகள் பச்சைக்கே. துணியும் பச்சையாயிற்று. மணப்பெண் பச்சைப் பட்டுடுத்தி வந்தால் மட்டும் பழைய நீலத்தை மாட்டுகிறேன்.