தந்திக் கம்பி முதல் கண்ணாடி இழை வரை: வலையமைப்புக் காவலின் வரலாறு – சித்தையன்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இணைய வலையமைப்பின் பாதுகாப்பு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தொலைவிலிருந்து தொடுக்கப்படும் மின்வெளித் தாக்குதல்களையே மையப்படுத்துகின்றன. வலையமைப்பின் கடைசிக் கண்ணியில் நிகழும் இழைத் துண்டிப்பு, மின்தடை, கருவித் திருட்டு, பராமரிப்பின்மை ஆகியவை போதிய கவனம் பெறவில்லை. தந்தி, தொலைபேசி, கண்ணாடி இழை ஆகிய மூன்று கட்டங்களிலும் கம்பியைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சித்தையன்கோட்டைப் பேரூராட்சியும் அதனைச் சூழ்ந்த ஊராட்சிகளும் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தந்திச் சட்டம், பாரத்நெட், கண்ணாடி இழை, பேரூராட்சி, பராமரிப்பு, லைன்மேன், வலையமைப்புப் பாதுகாப்பு.

முன்னுரை

நியாய விலைக் கடையின் விற்பனைக் கருவி, சான்றிதழ் வழங்கும் இ-சேவை மையம், வீட்டுவரி வசூல், ஊராட்சியின் கணக்குப் பதிவு என ஊரக நிருவாகத்தின் அன்றாடப் பணிகள் பலவும் இன்று இணைய இணைப்பைச் சார்ந்துள்ளன. முன்னர் இணைப்பு அறுந்தால் செய்தி தாமதமாயிற்று. இன்று இணைப்பு அறுந்தால் அரிசி வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடுகிறது. எனவே வலையமைப்பின் நிலைத்தன்மை என்பது பொறியியல் சிக்கல் மட்டுமன்று. குடிமக்களின் உரிமையோடு தொடர்புடைய சிக்கலும் ஆகும்.

சித்தையன்கோட்டை, கீழ்ப்பழனி மலையடிவாரத்தை அடுத்த சமவெளியில், திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் வழங்கும் ஆத்தூர் காமராசர் அணைக்கு அண்மையில் அமைந்துள்ளது. பெருநகரமும் அன்று, சிற்றூரும் அன்று என்னும் இதன் நிலையே இவ்வாய்வுக்கு இதனைப் பொருத்தமான களமாக்குகிறது.

1. தந்திக் காலம்: பொருளின் வலிமையே காவல்

இந்தியாவில் மின்தந்தியை அறிமுகப்படுத்திய வில்லியம் ஓ'ஷாக்நெசி 1839இல் கல்கத்தாவில் தம் முதற்சோதனைகளை மேற்கொண்டார். 1851இல் கல்கத்தா – டயமண்ட் துறைமுகத் தடம் செயற்பட்டது. 1855இல் தந்திச் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஐரோப்பாவில் வழக்கிலிருந்த மெல்லிய கம்பி இந்நிலத்துக்கு ஒவ்வாது என்பதை அவர் தொடக்கத்திலேயே கண்டார். கம்பியில் அமரும் பறவைகள், தாவும் குரங்குகள், மரக்கம்பங்களை அரிக்கும் கறையான், பருவக்காற்று ஆகியன அவர் எதிர்கொண்ட இடர்கள். இவற்றுக்கு மாற்றாகத் தடித்த இரும்புக் கம்பியை அவர் பயன்படுத்தினார். தென்னிந்தியத் தடங்களில் கருங்கல் தூண்களும் நடப்பட்டன. பொருளின் வலிமையே முதற்காவல் என்பது அக்காலத்தின் கொள்கையாக இருந்தது.

இரண்டாம் காவல் சட்டம். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தனியார் நிலத்தின் வழியே கம்பி கொண்டுசெல்லும் அதிகாரத்தை 10ஆம் பிரிவின் மூலம் அரசுக்கு வழங்கியது. தந்திக் கம்பியையோ கம்பத்தையோ கருவியையோ தீய நோக்குடன் சேதப்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனையை 25ஆம் பிரிவு விதித்தது. இச்சட்டம் எதிர்நோக்கிய அச்சம் அரசியல் சார்ந்ததும் ஆகும். 1857 எழுச்சியின்போது வட இந்தியாவில் தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்ட நினைவு ஆட்சியாளரிடம் நிலைத்திருந்தது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின்போது சென்னை மாகாணத்திலும் தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டமை அவ்வச்சம் வீணன்று எனக் காட்டியது.

மூன்றாம் காவல் மனிதர். திருச்சிராப்பள்ளி – மதுரை இருப்புப் பாதை 1875இல் திண்டுக்கல் வழியே திறக்கப்பட்டது. இருப்புப் பாதையை ஒட்டியே தந்திக் கம்பி செல்வது அக்கால நடைமுறை. பாதையைப் பார்வையிடுவோரின் கண்ணில் கம்பியும் பட்டது. அப்பாதைக்கு மேற்கே விலகி அமைந்த சித்தையன்கோட்டை போன்ற ஊர்கள், தொடர்புத் தடத்தின் மையத்தில் இடம்பெறாமல் அதன் விளிம்பிலேயே இருந்தன. கம்பியின் வரலாற்றில் விளிம்பு என்பது இவ்வாறு தொடக்கத்திலேயே உருவாகிவிட்டது.

2. செம்பின் காலம்: எடையால் வரையறுக்கப்பட்ட குற்றம்

தொலைபேசி பரவிய காலத்தில் சிக்கல் வேறு வடிவம் பெற்றது. செம்புக் கம்பிக்குச் சந்தையில் விலை உண்டு. ஆதலால் அரசியல் நோக்கம் ஏதும் இல்லாதவரும் அதனை அறுத்தனர். இதனை எதிர்கொள்ள 1950இல் நாடாளுமன்றம் தந்திக் கம்பிகளைச் சட்டமுரணாக வைத்திருத்தல் குறித்த தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. தந்திக் கம்பி என்பதை அச்சட்டம் வரையறுத்த முறை வரலாற்று ஆய்வாளரின் கவனத்துக்குரியது. செம்புக் கம்பியின் தடிமனை மைலுக்கு இத்தனை பவுண்டு என்னும் எடை அளவால் குறித்து, அவ்வளவுக்கு உட்பட்ட கம்பியை வைத்திருப்பதையே அது குற்றத்தின் அடையாளமாக்கியது. கம்பி தாங்கிச் செல்லும் செய்தியைக் காட்டிலும் அதன் உலோக மதிப்பே இங்குக் காவலுக்குரிய பொருளாயிற்று.

இக்காலக் காவலின் உயிர்நாடி லைன்மேன் என்னும் கடைநிலை ஊழியர் ஆவார். குறிப்பிட்ட பகுதியின் கம்பங்கள், இணைப்புப் பெட்டிகள், அடிக்கடி பழுதாகும் இடங்கள் ஆகியவற்றை அவர் நினைவிலேயே வைத்திருந்தார். அறுந்த செம்புக் கம்பியைக் குறட்டின் உதவியால் முறுக்கி இணைக்க அவரால் இயன்றது. 2000 அக்டோபர் 1 அன்று தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். என்னும் நிறுவனமாக மாறியது. 2019இல் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் 2020 சனவரி 31 அன்று நாடு முழுவதும் 78,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பணியிலிருந்து விலகினர். அது அந்நிறுவனப் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதி. ஊதியச் சுமை குறைந்தது. ஆனால் ஏட்டில் எழுதப்படாத கள அறிவும் அவர்களுடனேயே வெளியேறியது.

3. கண்ணாடி இழை: விலையற்ற பொருளின் காவல்

ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் தேசியத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு, இதற்கெனத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பது அதன் இலக்கு. திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் உள்ள 306 ஊராட்சிகளும் இதனுள் அடங்கும்.

இத்திட்டத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு இழை மின்கம்பங்களின் வழியாகவும் எஞ்சிய 15 விழுக்காடு நிலத்தடியாகவும் செல்கிறது. மின்கம்ப வழி செலவைக் குறைக்கிறது, பணியை விரைவுபடுத்துகிறது. ஆயின் மின்கம்பத்தின் இடர்கள் அனைத்தையும் இழையும் ஏற்க நேரிடுகிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், திண்டுக்கல் மாவட்டம் வரை உள்நாட்டில் பயணித்தது. தமிழ்நாட்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் அதில் சாய்ந்தன. மின்சாரமும் இணையமும் ஒரே கம்பத்தில் தொங்கும்போது, ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றும் வீழும். பேரிடர்க் காலத்தில் மிகவும் தேவைப்படும் தொடர்பு, பேரிடரால் முதலில் அறுபடும் தொடர்பாகிவிடுகிறது.

நிலத்தடி இழைக்கு வேறு இடர் உண்டு. குடிநீர்க் குழாய், வடிகால், சாலை ஆகிய பணிகள் அனைத்தும் அதே தெருவோரத்தில்தான் தோண்டப்படுகின்றன. தோண்டுவதற்கு முன் தகவல் தெரிவிக்க வேண்டும் என்னும் விதி 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான செயலி 2023 மார்ச்சு 22 அன்று தொடங்கப்பட்டது. எனினும் ஊர்த் தெருவில் மண்வாரி எந்திரத்தை இயக்குபவரிடம் அச்செயலி சென்று சேரும்போதுதான் விதி உயிர்பெறும்.

இழை துண்டிக்கப்படுவதைத் தடுக்க மாவட்ட நிருவாகங்கள் வெளியிட்ட செய்திக் குறிப்புகள், கண்ணாடி இழையில் உலோகம் ஏதும் இல்லை என்பதையும் அதனை விற்றுப் பணமாக்க இயலாது என்பதையும் வலியுறுத்தின. இதனை 1950ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படும். அன்று பொருளின் விலையைக் கருதிச் சட்டம் காவல் நின்றது. இன்று பொருளுக்கு விலையில்லை என்னும் அறிவிப்பே காவலாக முன்வைக்கப்படுகிறது. விலையுள்ள பொருள் கம்பியிலிருந்து இடம்பெயர்ந்து, ஊராட்சிக் கட்டடத்தில் வைக்கப்பட்டுள்ள மின்கலம், தடையிலா மின்வழங்கி, திசைவி ஆகியவற்றில் குடிகொண்டுள்ளது.

பழுதுநீக்கமும் மாறிவிட்டது. அறுந்த இழையைக் கையால் முறுக்க இயலாது. ஒளித்துடிப்பைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டு துண்டிப்பின் தொலைவைக் கணிக்கும் கருவியும், இழை முனைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் எந்திரமும், அவற்றை இயக்கப் பயிற்சி பெற்றவரும் தேவை. இவை ஊராட்சியிடம் இல்லை. ஒப்பந்த நிறுவனத்திடம் உள்ளன. கருவிகள் இருக்கும் அறையைப் பாதுகாப்பதும் மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்வதும் மட்டும் ஊராட்சியின் பொறுப்பாகின்றன. கம்பம் மின்வாரியத்தினுடையது, இழை மாநில நிறுவனத்தினுடையது, பழுதுநீக்கம் ஒப்பந்தக்காரருடையது, அறை ஊராட்சியினுடையது. 2025 சனவரி 5 அன்று திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிவடைந்து, நிருவாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. பல ஊராட்சிகளுக்கு ஓர் அலுவலர் என்னும் நிலையில் அறையின் சாவிக்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினா மேலும் கூர்மையடைகிறது.

4. பேரூராட்சி என்னும் இடைநிலை

பாரத்நெட்டின் அடிப்படை அலகு கிராம ஊராட்சி. சித்தையன்கோட்டை பேரூராட்சி; ஆதலால் அவ்வரையறைக்குப் புறத்தே நிற்கிறது. அதனைச் சூழ்ந்த ஊராட்சிகள் திட்டத்துக்குள் வருகின்றன. நகரங்களில் தனியார் நிறுவனங்கள் போட்டியிட்டு இழை கொண்டுவருகின்றன. சிற்றூர்களுக்கு அரசு இழை கொண்டுவருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பேரூராட்சி, உள்ளூர்க் கேபிள் இயக்குநர்களின் இணைப்பையும் கைப்பேசிக் கோபுரங்களையும் பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

இவ்வரையறை புவியியல் சார்ந்ததன்று, அரசாணை சார்ந்தது. 2004இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. ஊரின் தெருக்களோ மக்கள்தொகையோ அவ்விரு ஆண்டுகளில் பெரிதும் மாறவில்லை. பெயர் மட்டுமே மாறியது. வலையமைப்புத் திட்டமிடலில் உள்ளாட்சி வகைப்பாட்டை அப்படியே அலகாகக் கொள்வது எத்தகைய இடைவெளியை உருவாக்கும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

5. தொலைவிலிருந்து வரும் இடர்

களக் காவலை வலியுறுத்துவது மின்வெளித் தாக்குதலைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூப்பைத் தடுக்க வெளியிடப்பட்ட வழித்தட அறிவிப்பு எல்லை கடந்து பரவி, உலகின் பல பகுதிகளில் அத்தளத்தை முடக்கியது. 2016இல் மிராய் எனப்பட்ட தீநிரல், மாற்றப்படாத தொடக்கக் கடவுச்சொற்களைக் கொண்ட வீட்டுத் திசைவிகளையும் கண்காணிப்புக் கருவிகளையும் கைப்பற்றிப் பெருந்தாக்குதல்களுக்குப் பயன்படுத்தியது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாக வலையமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்டது.

இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, மின்வெளி நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் பதிவேடுகளை 180 நாள் பேணவும் பணித்தது. இவ்வாணை நிறைவேற, திசைவியில் நிகழும் மாறுதலை உணரக்கூடிய ஒருவர் எங்கேனும் இருத்தல் வேண்டும். ஊராட்சி அறையில் உள்ள திசைவி உலக வலையமைப்பின் ஓர் உறுப்பு. அதன் மென்பொருள் புதுப்பிக்கப்படாவிடில், அதன் கடவுச்சொல் மாற்றப்படாவிடில், அது தாக்குதலுக்கு உள்ளாகும் இடமாக மட்டுமன்றித் தாக்குதல் புறப்படும் இடமாகவும் மாறக்கூடும். களப் பராமரிப்பும் மின்வெளிப் பாதுகாப்பும் ஒரே பொறுப்பின் இரு கூறுகளாவது இவ்விடத்தில்தான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தந்திக் காலத்தில் பொருள், சட்டம், மனிதர் என்னும் மூன்று காவல்கள் இருந்தன. செம்பின் காலத்தில் சட்டம் உலோக மதிப்பைக் காத்தது. லைன்மேன் இணைப்பைக் காத்தார். கண்ணாடி இழைக் காலத்தில் பொருள் மெலிந்தது, சட்டம் புதுப்பிக்கப்பட்டது, 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் மூன்றாம் காவலான மனிதரின் இடம் நிரப்பப்படவில்லை.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுவழியில் தொடர்பு செல்லும் வளைய அமைப்பையும் பத்தாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்துள்ளது. பராமரிப்பு என்பது கட்டுமானத்தின் பின்னிணைப்பு அன்று என்பதை இது ஏற்றுக்கொள்கிறது. இதன் அடுத்த படியாக, ஒன்றிய அளவில் கருவியும் பயிற்சியும் கொண்ட இழைப் பராமரிப்பாளர் பணியிடத்தை உருவாக்குதல், பேரூராட்சிகளைச் சூழ்ந்துள்ள ஊராட்சிகளோடு சேர்த்து ஒரே பராமரிப்பு அலகாகக் கொள்ளுதல், திசைவியின் மென்பொருள் பேணலையும் அப்பணியிடத்தின் கடமையில் சேர்த்தல் ஆகியவை பரிந்துரைக்கத் தக்கன. சித்தையன்கோட்டையும் அதன் அண்டை ஊராட்சிகளும் ஒரே சாலையையும் ஒரே மின்தடத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றின் இழையைக் காப்பவரும் ஒருவராக இருப்பதே பொருத்தமாகும்.