தற்காலிகத் தடையும் தொழிலாளர் மானமும்

மதுவை ஒழிக்க வேண்டுமென்பது நமது நெடுநாளைய கொள்கை. ஆயினும், ஒரு தடை யாரால், யார் மீது, எவ்வளவு காலத்திற்கு விதிக்கப்படுகிறதென்று கேளாமல் அதனை வாழ்த்துதல் அறிவுடைமையாகாது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் அண்மைச் சரித்திரம் இதற்குச் சான்றாகும்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் கூடுமிடத்தில், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த ஒருவர் பேருந்தின் அடியிற் சிக்கி மாண்டார். கூடியிருந்த தொழிலாளருட் சில நூற்றுவர் கலகம் விளைத்தனர். போலீஸ் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன. ஆம்புலன்ஸ் ஒன்று எரிக்கப்பட்டது. 1969க்குப் பின் அந்நகரம் அத்தகைய கலகத்தைக் கண்டதில்லை.

அடுத்த வார இறுதியிலேயே அவ்வட்டாரத்தில் மது விற்பனையும் அருந்துதலும் தடுக்கப்பட்டன. தொழிலாளரை ஏற்றிவரும் தனியார் பேருந்துகளும் நிறுத்தப்பட்டன. 2014 ஏப்ரல் 1 முதல், ஓராண்டுக்கு மாத்திரம் செல்லத்தக்க தனிச்சட்டமொன்று அமலுக்கு வந்தது. வியாபாரம் குன்றியதெனக் கடைக்காரர் முறையிட்டனர். முன்னாள் நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, மதுவை ஒரு துணைக்காரணமாகக் கூறியதோடு, தொழிலாளருக்கு வேறிடங்களிலும் வசதிகள் வேண்டுமென்றது.

ஓராண்டு முடிந்தது, தடை முடிந்ததா? இல்லை. 2015 ஏப்ரல் 1இல் நிலையான மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொதுவிடத்திற் குடித்தல் குற்றமாயிற்று. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலுமோ, சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை குற்றமாயிற்று. தொழிலாளிக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வுநாள் அதனுள் அடங்குவதைக் கவனியுங்கள்.

கெடாத் தமிழராகிய நமக்கு வேறுவகைத் தடையொன்று நினைவிலிருக்கிறது. 1947இல், பீடோங்கை அடுத்த ஹார்வார்டு தோட்டத்தில், ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. போலீசாருடன் மோதல் நேர்ந்தும் பின்வாங்கவில்லை. அதற்குமுன் 1941இல் கிள்ளான் வேலைநிறுத்தக்காரரும் கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். அதனோடு, சீனருக்கு நிகரான கூலியும் கேட்டனர். துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவு ஒழிய வேண்டுமென்றும் கேட்டனர். அன்று தடையைக் கேட்டவன் தொழிலாளி. அது அவன் மானத்தின் குரல். சிங்கப்பூரிலோ தடைக்கு உள்ளானவன் தொழிலாளி. அவன் கருத்து பின்வரிசையில் நின்றது.

குடியால் குடும்பங்கள் கெடுவதை நாம் மறக்கவில்லை. அமைதி காப்பதும் சர்க்காரின் கடமையே. ஆனால், தற்காலிகமென்று புகும் கட்டுப்பாடு நிலைத்துவிடுவது எளிது; உடன் கிடைக்கவேண்டிய வசதியோ தாமதமாகும். பெண்டாங் முதல் சுங்கைப்பட்டாணி வரை, நமது கடைத்தெருக்களிலும் இன்று பிறநாட்டுத் தொழிலாளர் ஞாயிறுதோறும் கூடுகின்றனர். நாளை அவர்கள் மீது தடையொன்று வருமாயின், நம் பாட்டன்மாரும் அவ்வாறே வந்தவர்களென்பதை எண்ணி, அது முடியும் நாள் எதுவென்று முதலில் கேட்போமாக.