ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்பு நிதியம்

போரால் சிதைந்த ஆப்கானிஸ்தானின் அரசுச் செலவுகளுக்கும் வளர்ச்சிப் பணிகளுக்கும் பல நாடுகள் கூட்டாக நிதி வழங்க 2002இல் தொடங்கப்பட்ட நிதியம். நிர்வாகம் உலக வங்கியிடம் உள்ளது. நாடுகள் தனித்தனியே திட்டங்களை நடத்துவதற்கு மாறாக, பணம் ஒரே இடத்தில் சேர்ந்து அரசின் வரவுசெலவுத் திட்டத்தின் வழியே செலவாக வேண்டும் என்பதே தொடக்கத்தில் இதன் நோக்கமாக இருந்தது.

நிதியத்தின் நடைமுறைச் செலவுப் பிரிவு, ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசு ஊழியர்களின் சம்பளத்துக்கு உதவியது. அரசு முதலில் செலவு செய்தது. ஒரு கண்காணிப்பு நிறுவனம் ரசீதுகளைச் சரிபார்த்தது. விதிகளுக்கு உட்பட்ட தொகை மட்டுமே அரசுக்குத் திருப்பித் தரப்பட்டது.

முதலீட்டுப் பிரிவின் உதவி பெற்றவற்றில் பெரிதும் பேசப்பட்டது, 2003இல் களமிறங்கிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டம். கிராமத்தார் வாக்களித்து மேம்பாட்டு மன்றம் அமைத்தார்கள். குடும்பத்துக்கு 200 டாலர் என்ற கணக்கில், கிராமத்துக்கு அதிகபட்சம் 60,000 டாலர் மானியம் கிடைத்தது. குடிநீர்க் கிணறா, பாசன வாய்க்காலா, சிறு நீர்மின் நிலையமா என்பதை மன்றமே ஊரைக் கலந்து முடிவு செய்தது.

ஆனால், அரசு வெளிநாட்டு உதவியையே பெரிதும் நம்பியிருக்கும் நிலை மாறவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்ததும் நிதி வழங்கல் நிறுத்தப்பட்டது. 2022 முதல் இந்நிதி அரசின் கைக்குப் போகாமல், பெரும்பாலும் ஐ.நா. அமைப்புகள் வழியாகச் செலவிடப்படுகிறது.