படையணியில் இறைமறுப்பாளர்

வன்னியிலே நெளுக்குளம் முதலான ஊர்களில் வாழ்வோர்க்குப் படைமுகாம் நெடுநாட் பழகிய காட்சியாகும். காவலரணோடும் முள்வேலியோடும் ஒரு புத்தர் சிலையும் முகாமருகே இருத்தலை அவர்கள் வியப்பின்றிக் கடந்து செல்வர். படைக்கும் வழிபாட்டுக்கும் உள்ள உறவு அத்துணை இயல்பானதாகத் தோன்றுவதால், கடவுளை நம்பாத ஒருவன் சீருடை அணிந்தால் அவன் நிலை யாதாகும் என்னும் வினா எழுவதே அரிது. ஆயின் அவ்வினா வரலாற்றில் எழுந்துள்ளது. அதனை எழுப்பியவருள் முதன்மையானவரின் செல்வாக்குத் தமிழகத்தையும் எட்டியது.

படை இருவேறு பொழுதுகளிற் கடவுளைக் குறுக்கே கொணர்கின்றது. சேரும் நாளிற் செய்யும் சத்தியம் ஒன்று. சேர்ந்தபின் எல்லோருடனும் நின்று வழிபடுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழையாகும். முன்னதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தீர்வு கிட்டிற்று. பின்னது இன்றும் தீரவில்லை.

சார்ள்ஸ் பிராட்லா 1833இல் இலண்டனில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். ஞாயிறு பள்ளியிற் கற்பித்துவந்த அவ்விளைஞர், வேதநூலிலே தாம் கண்ட முரண்பாடுகளுக்கு மதகுருவிடம் விளக்கம் கேட்டமையே குற்றமாயிற்று. வீட்டைவிட்டு நீங்கிக் கடன்பட்டு, 1850 டிசெம்பரில், தமது 17ஆம் வயதிற் படையிற் சேர்ந்தார். 7ஆம் டிராகன் காவலர் குதிரைப்படையில் அயர்லாந்திலே பணியாற்றினார். மதுவை நாடாது தேநீரும் நூலுமாகப் பொழுதைக் கழித்தமையால் தோழர்கள் அவரை ‘இலைகள்’ என்று கேலி செய்தனர். ஆங்கிலத்திலே தேயிலைக்கும் நூலின் ஏட்டுக்கும் அச்சொல் பொருந்தும்.

ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு அணிவகுத்துச் செல்லுதல் அக்காலப் படையிற் கட்டளையேயன்றி விருப்பமன்று. டப்ளின் நகரின் ரத்மைன்ஸ் தேவாலயத்திற் பிரசங்கித்த குரு, தம் உரை சிப்பாய்களின் அறிவுக்கு எட்டாது என்ற கருத்துப்படப் பேசினாராம். பிராட்லா அவ்வுரையின் பிழைகளைச் சுட்டி அவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஞாயிறு குரு அக்கடிதத்தை இழித்துரைக்கவே, குதிரைவீரர்கள் தத்தம் வாளைக் கழற்றி ஒருசேரத் தரையில் விழவிட்டனர் என்று மகள் ஹைப்பேசியா எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. மகள் எழுதிய நூலாதலின் சிறிது மிகையும் கலந்திருத்தல் கூடும். எனினும் ஓர் உண்மை தெளிவாகின்றது. வாளை விழவிட்ட அத்தனை பேரும் நாத்திகராக இருந்திருத்தல் இயலாது. தோழன் அவமதிக்கப்பட்டதைப் பொறாதவர்களே அவர்கள். நம்பாதவன் படையின் ஒற்றுமையைக் குலைப்பான் என்னும் வாதத்துக்கு இந்நிகழ்ச்சியிலும் தக்க மறுப்பு வேண்டுவதில்லை.

1853இற் படையைவிட்டு விலகிய பிராட்லா, 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவினார். 1880இல் நோர்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது, கடவுள்மேல் ஆணையிடாது உறுதியுரை கூற அனுமதி கோரினார். சபை மறுத்தது, சிலகாலம் மணிக்கூட்டுக் கோபுரத்திற் சிறையும் வைத்தது. தொகுதி மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தெரிவுசெய்தனர். ஆயினும் 1886இலேயே அவர் ஆசனம் ஏற்க முடிந்தது. 1888இல் அவர் முயற்சியால் நிறைவேறிய சட்டம், சமய நம்பிக்கை இல்லாதவர் சட்டப்படி சத்தியம் வேண்டப்படும் எல்லா இடங்களிலும் உறுதியுரை செய்யலாம் என விதித்தது. ‘எல்லா இடங்களிலும்’ என்பதனுட் படைமுகாமும் அடங்கும். இன்றைய இந்தியப் படையிலும் கடவுள் பெயரால் ஆணையிடுதல், உறுதி கூறுதல் ஆகிய இரண்டுக்கும் இடமுண்டு.

1878 முதல் 1888 வரை இயங்கிய சென்னை இலௌகிக சங்கத்தார் பிராட்லாவின் இலண்டன் சங்கத்தையே முன்மாதிரியாகக் கொண்டனர். அவர்தம் ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ் இதழ், பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு ஏறக்குறைய 40 ஆண்டு முந்தியது. சாதியும் சடங்குமே அவ்விதழின் பெரும் அக்கறைகள். படைக்குள் வழிபாடு பெற்றிருந்த இடம் தமிழ் நாத்திகரின் விவாதத்திற் பெரிதும் இடம்பெறாமை ஒரு குறையே.

அவ்விடம் உறுதிப்பட்டதற்கு வேலூர் ஒரு காரணம். சென்னைப் படைத்தளபதி கிரடொக் காலத்தில், அணிவகுப்பிற் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, புதிய தலைப்பாகை சூடவேண்டும் என்று பிறந்த கட்டளைகள் 1806 யூலை 10இற் பெருங்கிளர்ச்சியாக வெடித்தன. கிரடொக்கும் ஆளுநர் பெந்திங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். சிப்பாயின் சமயத்தைத் தீண்டலாகாது என்ற பாடம் 1857க்குப் பின் மேலும் ஆழப் பதிந்தது. நாளடைவிற் சமயமே படைப்பிரிவைப் பிணிக்கும் கயிறாயிற்று. சமய ஆசிரியர் படையில் ஒரு பதவியினர் ஆயினர். (மதராஸ் படைப்பிரிவின் ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்ற முழக்கத்திலே தெய்வப் பெயர் இல்லாமை சுவையான ஒரு புறநடை.)

அக்கயிற்றின் இறுக்கம் அண்மையில் வெளிப்பட்டது. 2017இல் இந்தியப் படையில் அதிகாரியான கிறித்தவர் ஒருவர், வீரர்களுடன் கோயில் முற்றம்வரை சென்றும், கருவறையுட் புகுந்து சடங்கிற் பங்குகொள்ள மறுத்தார். 2021இற் பதவி நீக்கப்பட்டார். டில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 30இல் நீக்கத்தை ஏற்றது. உச்ச நீதிமன்றம் நவம்பர் 25இல் தலையிட மறுத்தது. அவர் நாத்திகரல்லர். ஆயினும் நாத்திகர் ஒருவர் அவ்வாயிலில் நின்றிருப்பினும் முடிவு வேறாகியிராது. கட்டளை மீறப்பட்டதா என்பதே அங்கு நோக்கப்பட்டது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க இந்திய அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது.

இலங்கைப் படையிலும் வழிபாடு பொதுநிகழ்ச்சியே. 1949 ஒக்டோபர் 10இல் நிறுவப்பட்ட இராணுவத்தின் ஆண்டு நிறைவையொட்டி, அதன் கொடிகள் அநுராதபுரத்து ஸ்ரீ மகாபோதியில் ஆசிபெறுகின்றன. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் வழிபாடுகள் நிகழ்கின்றன. எச்சமயமும் சாராதவன் அவ்வரிசையில் எங்கே நிற்பான்? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரையிற் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகின்றது. 10ஆம் உறுப்புரையிற் சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை எல்லோர்க்கும் தருகின்றது. படையினர்க்குக் குறைக்கத்தக்க உரிமைகளை 15(8) குறிப்பிடும்போது 12(1), 13, 14 ஆகியவற்றையே கூறுகின்றது. நம்பிக்கையை வெளிப்படுத்தும் உரிமை 14இல் அடங்குவதாற் குறைக்கப்படலாம். 10 அப்பட்டியலில் இல்லை. கருவறை வாயிலில் எழுந்த வழக்கு இந்நாட்டில் எழுமாயின், வழக்கறிஞர் முதலிற் புரட்டவேண்டிய பக்கம் இதுவேயாகும்.