மருந்துத் தண்ணீர்

குழாய்நீரில் பிளீச்சிங் பவுடர் நெடி சற்று மிகுந்தால் போதும், நெய்வேலி நகரியத்து வீடுகளில் "மருந்துத் தண்ணீர்" என்ற முகச்சுளிப்பு எழுந்துவிடும். அடுத்த நாள் வாசலில் கேன் தண்ணீர் நிற்கும். குளோரின் புற்றுநோய் தரும் என்பதே அச்சம்.

அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1974இல் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தைச் சேர்ந்த யோஹன்னஸ் ரூக், நீரில் கரைந்துள்ள இலைமக்குப் பொருள்களோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் முதலியன உருவாவதைக் கண்டறிந்தார். 1979இல் அமெரிக்கா இவற்றுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு கட்டியது.

ஆனால் குளோரின் குடிநீருக்குள் வந்த கதையையும் நாம் அறிய வேண்டும். தேற்றாங்கொட்டையால் கலங்கல் நீரைத் தெளிவிக்கும் வழக்கம் கலித்தொகைக் காலத்திலேயே உண்டு. தெளிந்த நீரிலும் நோய்க்கிருமி வாழும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு கற்ற பாடம். 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைஃபாய்டு பரவியபோது குடிநீரில் குளோரின் சேர்மம் கலந்தனர். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகர நீரில் மருத்துவர் ஜான் லீல் அதையே செய்தார், அதுவும் யாரிடமும் கேட்காமல்! வழக்கு மன்றத்தில் வினவியபோது, தம் குடும்பத்துக்கும் இந்நீரையே தருவேன் என்றார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கேட்காமல் கலந்தது மட்டும் நமக்கு இன்றும் உறுத்துகிறது.

எங்கள் ஊரின் கதையே தண்ணீரில் தொடங்கியதுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் கரும்பழுப்புப் பொருள் வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் தோன்றியது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தளமே பிளந்துவிடும். அந்த நிலத்தடி நீரே நகரியத்துக்கும் குடிநீர்.

வெயில் காணாத அந்த ஆழ்நீருக்கு மருந்து எதற்கு? நீர் கெடுவது பெரும்பாலும் வரும் வழியில்தான். குழாய் வெடிப்பில் சாக்கடை கசிந்தால் காக்க நிற்பது எஞ்சிய குளோரின் மட்டுமே. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்ச வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 1992இல் சென்னையில் ஓ139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி தலைகாட்டியதை மறந்தவர்களே மருந்தே வேண்டாம் என்பர்.

ஆழ்நீரில் இலைமக்குப் பொதுவாகக் குறைவு. எனினும் பழுப்பு நிலக்கரி என்பதே மக்கிய மரம்தானே. ஆகவே ரூக் கண்ட சேர்மங்கள் எங்கள் குழாய்நீரில் எவ்வளவு உள்ளன என்று சோதித்து, அந்த எண்ணை வட்டந்தோறும் அறிவிக்கக் கேட்பது நியாயமே. அதுவரை நாங்கள் நீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடிவைத்துக் குடிக்கிறோம். கொதியில் நெடியோடு குளோரோஃபார்மும் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது.