அரை எப்பக்கம் சாயும்? கிட்டிய மதிப்பின் வரலாறும் விரைவின் விலையும்



2008ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் மலேசியக் கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் தொகை, ஐந்து சென்னுக்குக் கிட்டிய மதிப்பாக மாற்றப்பட்டு வருகிறது. கடைசி இலக்கம் ஒன்று அல்லது இரண்டு எனில் அது நீங்கும். மூன்று அல்லது நான்கு எனில் ஐந்தாகும். ஆறும் ஏழும் ஐந்துக்கு இறங்கும். எட்டும் ஒன்பதும் பத்துக்கு ஏறும். இவ்விதியில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒன்று, மாற்றம் ஒவ்வொரு பொருளின் விலைக்கும் அன்று, மொத்தத் தொகைக்கே செய்யப்படுகிறது. மற்றொன்று, இங்கே சரிநடுவில் நிற்கும் தொகையே இல்லை. இரண்டரை சென் என்று எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது. ஆகவே அரையை எப்பக்கம் சாய்ப்பது என்ற வழக்கு எழவே இடமில்லை.

கணினிக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. அங்கே அரை வரும், கால் வரும், அரைக்கு மயிரிழை குறைந்த எண்ணும் வரும். அவற்றை முழு எண்ணாக்கும் வழிகள் பல. அவற்றுள் எது சரி என்பதை இயற்கை விதித்துவிடவில்லை. மனிதர் கூடி வகுத்தனர். அவ்வகையில் அது இலக்கண மரபைப் போன்றது. அம்மரபை எவ்வளவு விரைவாக நிறைவேற்றுவது, விரைவுக்காக எதை விட்டுக்கொடுப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

தமிழ்க் கணக்கின் இரு வரிசைகள்

நம் பழைய எண்சுவடிகளின் பின்ன வாய்பாட்டில் இரண்டு வரிசைகள் உள்ளன. அரை, கால், அரைக்கால், வீசம் என்பன பாதி பாதியாக இறங்குபவை: 1/2, 1/4, 1/8, 1/16. மா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி என்பன மற்றொரு வரிசை: 1/20, 1/40, 1/80, 1/160, 1/320. முந்திரியில் முந்திரியான கீழ்முந்திரி 1/1,02,400 ஆகும். அதற்கும் கீழே இம்மி உண்டு. ‘இம்மியும் பிசகாமல்’ என்று இன்றும் சொல்கிறோமே, அது கணக்கிலிருந்து வழக்குக்கு வந்த சொல்.

இவ்விரு வரிசைகளும் கணினிக்குள் வெவ்வேறு கதியை அடைகின்றன. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகச் சேமிக்கிறது. ஆதலால் கால், அரைக்கால், வீசம் ஆகியவை அதில் பிழையின்றி அமர்கின்றன. மா, காணி, முந்திரி ஆகியவை ஒருபோதும் முழுமையாக அமர்வதில்லை. அவற்றின் பகுதியில் ஐந்து என்னும் காரணி இருப்பதே காரணம். பத்தடிமான முறையில் மூன்றில் ஒன்றை எழுதினால் 0.333 என முடிவின்றி நீள்வது போல, இரண்டடிமான முறையில் மா முடிவின்றி நீளும். ஓரிடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். ஐந்து சென் என்பது ஒரு ரிங்கிட்டில் ஒரு மா. நம் சட்டைப் பையிலுள்ள மிகச் சிறிய நாணயத்தின் மதிப்பைக் கணினியின் மிதவைப் புள்ளி எண் அப்படியே எழுத இயலாது என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

1.005 என்னும் எண்ணை இரு தசம இடங்களுக்குத் திருத்தினால் 1.01 கிடைக்கும் எனப் பள்ளியில் கற்கிறோம். கணினியோ பெரும்பாலும் 1.00 என விடை தரும். கணினி விதியை மீறவில்லை. அதனுள் இருப்பது 1.005 அன்று, 1.00499999… என்று தொடரும் எண். தனக்குக் கிடைத்த எண்ணுக்கு அது சரியான விடையையே தந்தது.

அரையின் வழக்கு

எண்ணை முழுதாக்க நான்கு முதன்மையான வழிகள் உண்டு: கீழ்நோக்கி இறக்குதல், மேல்நோக்கி ஏற்றுதல், பின்னத்தை வெட்டிவிடுதல், கிட்டிய எண்ணுக்குச் செல்லுதல். எதிர்ம எண்களில் இவற்றின் வேறுபாடு தெளிவாகும். -2.7 என்பதைக் கீழ்நோக்கி இறக்கினால் -3, வெட்டினால் -2.

கிட்டிய எண்ணுக்குச் செல்லும்போது அரை வந்தால் என் செய்வது? 0.5, 1.5, 2.5, 3.5 ஆகிய நான்கின் உண்மைக் கூட்டுத்தொகை 8. அரையை எப்போதும் மேலேற்றினால் 1, 2, 3, 4 எனக் கூட்டுத்தொகை 10 ஆகிறது. அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குச் சாய்த்தால் 0, 2, 2, 4 என 8 கிடைக்கிறது. ஒருபக்கமே சாயும் தராசு சிறுகச் சிறுகப் பொய் சொல்லும். இதனால்தான் 1985இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 தரம், அரையை இரட்டை எண்ணுக்குச் சாய்ப்பதையே இயல்பு விதியாகக் கொண்டது. அத்தரத்தின் முதன்மைச் சிற்பியான கலிபோர்னியப் பேராசிரியர் வில்லியம் கேஹன் 1989இல் டூரிங் விருது பெற்றார்.

ஒருபக்கச் சாய்வு எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை சான்று. அங்கே 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண் 1000 என்னும் மதிப்புடன் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் அதைப் புதுப்பித்து, மூன்று தசம இடங்களுக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டனர். ஒவ்வொரு முறையும் இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆயினும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டியதால், 1983 நவம்பரில் குறியீட்டெண் 524 என நின்றது. திருத்திக் கணக்கிட்டபோது அது 1098 ஆயிற்று. இரண்டாண்டு நிறைவதற்குள் பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

விரைவு நாடிய பழங்கணக்கர்

விரைவுக்காகத் துல்லியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது கணினியோடு பிறந்த பழக்கம் அன்று. ஜான் வாரன் என்பார் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில், புதுச்சேரிப் பகுதியைச் சார்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிய குறிப்பு உள்ளது. அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாக மனனம் செய்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கிடையே நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பின்னாளில் இதை ஆராய்ந்த கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நாய்கெபாவர், தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததெனக் காட்டினார்.

வானியல் கோட்பாட்டை அறியாமலே ஒருவர் இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது. முன்னரே கணித்து வைத்த அட்டவணை உழைப்பைக் குறைத்தது. அதன் விலை அந்த நிமிடங்கள். பஞ்சாங்கத்துக்கு அவ்விலை பொறுக்கத்தக்கதே. எந்தப் பயனுக்கு எவ்வளவு பிழை தகும் என்ற வினாவைத்தான் இன்றைய கணினியியலும் கேட்கிறது.

சில்லும் தொகுப்பியும்

இனி நம் தீவுக்கு வருவோம். 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கின் பாயான் லெப்பாசில் அமைத்தது. சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் அதன் பணி. பின்னர் வடிவமைப்புப் பணிகளும் இங்கு வந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிட்சி ‘சி’ என்னும் நிரல்மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். சில்லும் மொழியும் தனித்தனியே வளர்ந்தன. இரண்டுக்கும் இடையே நின்று, மனிதர் எழுதிய நிரலைச் சில்லு அறியும் கட்டளைகளாகப் பெயர்க்கும் மென்பொருளே தொகுப்பி.

1980இல் இன்டெல் வெளியிட்ட 8087 என்னும் கணிதச் சில்லில், முழுதாக்கும் முறையைக் குறிக்க ஒரு கட்டுப்பாட்டுச் சொல் இருந்தது. இயல்பு நிலையில் அது கிட்டிய எண்ணுக்குச் செல்லும். ‘சி’ மொழியின் விதியோ, பின்ன எண்ணை முழு எண்ணாக மாற்றும்போது வெட்டவேண்டும் என்பது. சில்லின் வழக்கும் மொழியின் வழக்கும் முரண்பட்டன. எனவே தொகுப்பி ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கட்டுப்பாட்டுச் சொல்லைச் சேமித்து, வெட்டும் முறைக்கு மாற்றி, கணக்கை முடித்து, பழைய நிலைக்கு மீட்கவேண்டியிருந்தது. பல கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடும் பிற்காலச் சில்லுகளில் இம்மாற்றம் ஓட்டத்தையே தடுத்தது. ஒலியையும் படத்தையும் கையாளும் நிரல்களில் இது நொடிக்கு இலட்சக்கணக்கில் நிகழும் செயல்.

தீர்வு படிப்படியாக வந்தது. 2000ஆம் ஆண்டின் பெண்டியம் 4 சில்லில், இரட்டைத் துல்லிய எண்ணை நேரே வெட்டி மாற்றும் தனிக்கட்டளை இடம்பெற்றது. 2007 இறுதியில் வந்த சில்லுகளில், கீழிறக்கல், மேலேற்றல், வெட்டல், இரட்டை எண்ணுக்குச் சாய்த்தல் ஆகிய நான்கையும் ஒரே கட்டளை செய்யத் தொடங்கியது. ஆயினும் 1999ஆம் ஆண்டின் ‘சி’ தரம் வகுத்த ‘ரவுண்ட்’ செயற்கூறு, அரையைச் சுழியத்திலிருந்து விலக்கி மேலேற்றுகிறது. அவ்வழி அந்நான்கனுள் இல்லை. அதற்குத் தொகுப்பி பல கட்டளைகளைக் கோக்க வேண்டும். இல்லையேல் நூலகத்தை அழைக்க வேண்டும். மேலும், எல்லாக் கணினிகளிலும் இயங்க வேண்டுமெனப் பழைய சில்லையே அளவாகக் கொண்டு தொகுத்த நிரல், புதிய சில்லில் ஓடும்போதும் புதிய கட்டளையைப் பயன்படுத்தாது. பலர்க்கும் பொதுவாதல் ஒரு நன்மை; விரைவு மற்றொரு நன்மை. இரண்டையும் ஒருங்கே பெறுதல் எளிதன்று.

பொருள் மாறும் இடம்

நிரலர் சிலர் தாமே குறுக்கு வழி கண்டனர். இரட்டைத் துல்லிய எண்ணில் 53 இரும இலக்கங்களுக்கே இடம் உண்டு. ஒரு சிறு நேர்ம எண்ணுடன் 4,50,35,99,62,73,70,496 என்னும் பேரெண்ணைக் கூட்டினால் பின்னத்துக்கு இடமில்லாமற்போகும். சில்லே அதை முழுதாக்கிவிடும். பிறகு அப்பேரெண்ணைக் கழித்தால் முழுதாக்கிய எண் எஞ்சும். இரண்டே செயல்கள், விரைவோ மிகுதி.

இங்கேதான் நம் வினா கூர்மையாகிறது. ‘விரைவுக் கணிதம்’ என்னும் விருப்பத்தேர்வை இயக்கினால், தொகுப்பி பள்ளி இயற்கணிதத்தின்படி நடக்க உரிமை பெறுகிறது. ஓர் எண்ணைக் கூட்டி அதையே கழித்தால் பழைய எண்ணே வரும் எனக் கருதி, அவ்விரு செயல்களையும் நீக்கிவிடும். நிரல் மிக விரைவாக ஓடும். முழுதாக்கல் மட்டும் நிகழாது. ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பவர் ஒரு சொல்லை ‘கூறியது கூறல்’ என எண்ணி நீக்கிவிட, அச்சொல்லில்தான் செய்யுளின் பொருளே இருந்தது என்றாற்போன்ற நிலை அது. மெய்யெண்களுக்கு உண்மையான விதி மிதவைப் புள்ளி எண்களுக்கு உண்மையன்று.

மற்றொரு குறுக்கு வழி, எண்ணுடன் அரையைக் கூட்டிக் கீழிறக்குதல். பல பாடநூல்களிலும் காணப்படுவது இது. ஆனால் 0.49999999999999994 என்னும் எண்ணுடன் அரையைக் கூட்டினால், கூட்டலே 1 என முழுதாகிவிடுகிறது. விடை 0 ஆகாமல் 1 ஆகிறது. ஜாவா மொழியின் ஆறாம் பதிப்பு வரை இப்பிழை இருந்தது. ஏழாம் பதிப்பில் திருத்தப்பட்டது.

இவற்றால் தொகுப்பியின் கடமை விளங்கும். நல்ல தொகுப்பி தானாக இக்குறுக்கு வழிகளில் செல்வதில்லை. விருப்பத்தேர்வை நாம் தரும்போதே செல்கிறது. பொருளைக் காப்பது அதன் இயல்பு. பொருளை விட்டுக்கொடுக்கும் உரிமை நம்முடையது. படத்தின் ஒரு புள்ளி ஒரு நிறம் பிசகினால் கண் அறியாது. அங்கே விரைவை விரும்பலாம். ஊதியக் கணக்கிலும் தேர்வு மதிப்பெண்ணிலும் மருந்தின் அளவிலும் அவ்வுரிமையை எளிதில் வழங்கலாகாது.

ஆசிரியர்கள் கிட்டிய மதிப்பைக் கற்பிக்கும்போது விடையோடு நிறுத்தாமல் மூன்று வினாக்களையும் கற்பிக்கலாம். எந்த விதியால் முழுதாக்குகிறோம்? ஒவ்வொரு படியிலுமா, இறுதியில் ஒரே முறையா? அரை வந்தால் எப்பக்கம்? ஐந்து சென் விதியை வகுத்தவர்கள் மூன்றுக்கும் முன்னரே விடை வைத்திருந்தனர். ஆகவேதான் காசாளரும் வாங்குபவரும் நாள்தோறும் வழக்கின்றிப் பிரிகின்றனர். நிரல் எழுதும் நம் மாணவர்களும் அவ்விடைகளை முதலில் எழுதிவைத்து, விரைவை அதற்குப் பிறகு தேடுவார்களாக.