ஆதுலசாலையில் எரிந்த விளக்கு



மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாலாறு கடலோடு கலக்கின்றது. அவ்வாற்றை எதிர்த்து மேற்கே சென்று, செங்கற்பட்டுப் பகுதியைக் கடந்தால், செய்யாறும் வேகவதியும் அதனோடு கூடும் திருமுக்கூடலை அடையலாம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர் இது. இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் ஏறத்தாழ கி.பி. 1068.

கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், வீரசோழன் என்னும் ஆதுலசாலையும் இருந்தன என்று அது கூறுகின்றது. ஆதுலர் என்பார் நோயாளர், ஆதுலசாலை மருத்துவமனை. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து காய்ச்சுவார் இருவர், பணிப்பெண்கள் இருவர். மருத்துவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். நோயாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு. ஓராண்டுக்கு வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நோயுற்ற மாணவரும் கோயிற் பணியாளரும் இங்கே பேணப்பட்டனர்.

நான் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றபோது, "ஐயா, வந்த நோயெல்லாம் இங்கே தீர்ந்தனவா?" என்று ஒருவன் வினவினான். நல்ல வினா. தீராத நோய் ஒன்றைச் சொல்கிறேன்.

நீரிழிவையும் கல்லடைப்பையும் சுசுருதர் காலத்திலேயே நம் மருத்துவர் அறிந்திருந்தனர். ஆனால் இரண்டும் ஓருடலில் கூடினால் விளையும் கேடு பெரிது. கல் சிறுநீரின் வழியை அடைக்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகும். நீரிழிவோ உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். சிறுநீரகம் சீழ் கொள்ளும்; சிலருக்கு அங்கே காற்றும் உண்டாகும்; நஞ்சு குருதியிற் பரவும். கிருமியைக் கண்டறியாத அக்காலத்தில், அறுவை வல்லவரும் இதன்முன் என் செய்வார்?

விடை வர எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. உள்ளிருக்கும் கல்லைக் காட்டும் எக்ஸ்-கதிர் 1895-இலும், நீரிழிவை அடக்கும் இன்சுலின் 1922-இலும் வந்தன. 1928-இல் பெனிசிலின் கண்டறியப்பட்டபின், கிருமியைக் கொல்லும் மருந்துகள் ஒவ்வொன்றாய்த் தோன்றின. இன்று அடைபட்ட நீரை மெல்லிய குழாயால் வடித்து, இம்மருந்துகளையும் கொடுத்துப் பலரைக் காக்கின்றனர். செங்கற்பட்டிலேயே 1965-இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது.

ஆயினும் காலந்தாழ்த்தால் இவை யாவும் பயன்படா. உங்கள் இல்லத்தில் நீரிழிவுடைய பெரியவர்க்குக் குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் கண்டால், "விடியட்டும்" என்று இராதீர்கள். அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் பொழுது பார்த்து வருவதில்லை என்பதை அறிந்தன்றோ, திருமுக்கூடலில் இரவு விளக்கிற்கும் எண்ணெய் அளந்து வைத்தனர்!